பெயரைக் கேளாது திறனைக் கேட்டல்



கணிப்பொறியில் எழுதவும் எழுதியதைத் திருத்தவும் பயன்படும் மென்பொருளை உரைதிருத்தி என்கிறோம். அதனை மூல நிரலிலிருந்து பழைய யூனிக்ஸ் இயந்திரம் ஒன்றில் அமைப்பது எப்படி என்னும் வினா, வெறும் தொழில் நுணுக்கமாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பின்னே நாம் அறியத்தக்க வரலாறு ஒன்று உண்டு.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தோற்றுவித்தனர். 1973இல் அது ‘சி’ மொழியில் மாற்றி எழுதப்பெற்றது. ஓர் இயந்திரத்துக்கென எழுதியதை மற்றோர் இயந்திரத்துக்குக் கொண்டுசெல்ல இதனால் வழி பிறந்தது. ஆனால் தாய் ஒருத்தியாயினும் மக்கள் வேறு வேறாக வளர்ந்தனர். பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் ஒரு கிளையையும், ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தார் மற்றொரு கிளையையும் பேணினர். 1983இல் ‘4.2 பி.எஸ்.டி.’யும் ‘சிஸ்டம் ஃபைவ்’வும் வெளிவந்தபோது வேற்றுமை நன்கு புலப்பட்டது. முனையத்தை ஆளும் முறை இரண்டிலும் ஒன்றன்று. ஒவ்வொரு விசையழுத்தத்தையும் உடனே பெற்றுத் திரையில் காட்டவேண்டிய உரைதிருத்திக்கு இது பெரும் இடர்ப்பாடாயிற்று.

1985இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட ‘குனூ ஈமாக்ஸ்’ இதற்கு ஒரு வழி கண்டது. அதனை நிறுவுபவர் இயந்திரத்துக்கு ஒன்றும் இயங்குதளத்துக்கு ஒன்றுமாக இரண்டு கோப்புகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் பெயரைத் தம் கையாலேயே எழுதிச் சேர்க்கவேண்டும். “நீ யார்?” என்று பெயரைக் கேட்கும் முறை இது. பட்டியலில் பெயரில்லாத புதிய தளத்துக்கு இதில் இடமில்லை. பெயர் மாறாமலே புதிய திறன் பெற்ற தளத்தைப் பட்டியல் பழையபடியே மதித்தது.

1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ வேறு கேள்வியைக் கேட்டது. “உன்னால் இது இயலுமா?” என்பதே அக்கேள்வி. அது ஆக்கித் தரும் ‘கன்ஃபிகர்’ என்னும் கட்டளைத் தொகுதி, சிறியதொரு ‘சி’ நிரலை எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கிறது. நிரல் தேறினால் அத்திறன் உண்டென ஒரு கோப்பில் வரி ஒன்று சேரும். தேறாவிடின், மூல நிரல் மாற்றுவழியை மேற்கொள்ளும். பிராம் மூலனார் 1991இல் அமிகா கணிப்பொறிக்கென வெளியிட்டு, 1992இல் யூனிக்ஸுக்கும் வந்த ‘விம்’ பிற்காலத்தில் இம்முறையையே கைக்கொண்டது. திரையை ஆளும் நூலகத்தை அது ஒரே பெயரில் தேடுவதில்லை. ‘என்கர்சஸ்’, ‘டெர்ம்லிப்’, ‘டெர்ம்கேப்’, ‘கர்சஸ்’ என ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது.

இன்னுமொரு நயம் உண்டு. கேள்வி கேட்கும் இத்தொகுதி பழைய இயந்திரத்திலேயே ஓடவேண்டும் அல்லவா? ஆகவே புதிய ‘ஷெல்’களில் இருந்த வசதிகள் பலவற்றை நெடுங்காலம் விலக்கி, பழையதற்கும் விளங்கும் எளிய சொற்களிலேயே அது பேசிற்று.

பழைய இயந்திரத்தில் இச்சோதனைகள் முடிய நெடுநேரம் ஆகும் என்பதும், இன்று எவ்வியந்திரமும் “ஆம்” என்றே விடையளிக்கும் வினாக்கள் அவற்றுள் பல என்பதும் உண்மையே. ஆயினும் பள்ளியில் மாணவரைச் சேர்த்துப் பழகிய எனக்கு ஒன்று தோன்றுகிறது. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சான்றிதழை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையைத் திருப்பியனுப்புவது எளிது. ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கோ பொறுமை வேண்டும். ஊர் பேர் அறியாத பழைய இயந்திரத்துக்கும் இந்த நிரலாளர்கள் அந்தப் பொறுமையைக் காட்டினார்கள்.