மேயர் எலுமிச்சை

சீனத்தில் தோன்றிய கலப்பினச் சிட்ரஸ். அமெரிக்க வேளாண் துறைக்காகத் தாவரங்கள் தேடிய ஃபிராங்க் மேயர் 1908-இல் இதைப் பீஜிங் பகுதியிலிருந்து கொண்டுவந்தார். மெல்லிய தோல், குறைந்த புளிப்பு, ஆரஞ்சு சாயும் மஞ்சள் நிறம் ஆகியவற்றைக் கண்டு, லெமனுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்தது என்றே நெடுங்காலம் கருதினர். மரபணுக் குறியீட்டு ஆய்வுகள் அதைத் திருத்தின. தந்தை சிட்ரான் என்னும் சிட்ரஸ் இனம்; தாய், மாண்டரினும் பம்பளிமாசும் கலந்த ஓர் இனம். சாதாரண லெமனோ சிட்ரானும் புளிப்பு ஆரஞ்சும் சேர்ந்த வேறொரு கலப்பு. ஆக, மேயர் எலுமிச்சை சாதாரண லெமனின் பிள்ளையன்று. சிட்ரான் வழியில் அதன் உடன்பிறப்பு எனலாம். சிட்ரஸ் இனங்கள் எளிதில் கலப்பதாலும், பல வகைகளின் விதைகள் தாயின் நகலாகவே முளைப்பதாலும், தோற்றத்தை மட்டும் நம்பிப் பெற்றோரைத் தீர்மானிப்பது பிழைக்கே இட்டுச் செல்லும். சிட்ரஸ் மரங்களைத் தாக்கும் டிரிஸ்டெசா நச்சுயிரி இல்லாத ‘மேம்பட்ட மேயர்’ வகை 1975-இல் வெளியானது.