ஏடும் காடும்

தலைநகரில் வாழும் நம் தமிழன்பர் பலர், வீட்டுக் குழாயில் வருவது யமுனை நீர் ஒன்றே என எண்ணியிருப்பர். தில்லியின் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள பல பகுதிகளுக்கு மேல் கங்கைக் கால்வாயின் நீரும் வருகின்றது. அக்கால்வாய் அரித்துவாரத்தில் கங்கையினின்று பிரிவது. கங்கையின் இரு தாயாறுகளுள் ஒன்று அளகநந்தை. 1970ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவ்வாறு பெருக்கெடுத்துப் பாலங்களையும் பேலாகூச்சி என்னும் சிற்றூரையும் அடித்துச் சென்றது. அவ்வெள்ளம் சுமந்து வந்த மண் சமவெளிக் கால்வாயையும் தூர்த்தது. மரம் இழந்த மலை மழையைத் தாங்காது என்பதை அப்பகுதி மக்கள் அன்று கண்ணாரக் கண்டனர். அம்மக்களின் வரலாற்றையே ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

இமயச் சாரலில் வாழும் கடுவாலியரும் குமாவுனியரும் காட்டைத் தம் வீட்டின் புறக்கடையாகவே கருதி வந்தவர்கள். விறகும், கால்நடைத் தழையும், கலப்பைக்கு வேண்டிய மரமும் அங்கிருந்தே கிட்டின. எவ்வளவு வெட்டலாம், எப்போது வெட்டலாம் என்பதை ஊர் வழக்கமே வரையறுத்தது. இருப்புப்பாதை வந்தபின் தேவதாரு மரங்கள் தண்டவாளக் கட்டைகளாயின. 1865, 1878ஆம் ஆண்டுகளின் வனச் சட்டங்கள் காட்டை அரசின் உடைமையாக்கின. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த குமாவுன் கோட்டத்தில் 1911 முதல் 1917 வரை ஊர்ப்புறக் காடுகளும் ஒதுக்கப்பட்ட காடுகளாக அறிவிக்கப்பட்டன. நேற்றுவரை உரிமையாயிருந்தது ஒரே அறிவிக்கையால் குற்றமாயிற்று.

இதனோடு மற்றோர் இன்னலும் இருந்தது. அதிகாரிகள் மலையேறி வரும்போது ஊரார் கூலியின்றிச் சுமை தூக்கவேண்டும். யாருடைய முறை என்று என்பதைக் குறிக்கும் பதிவேடுகள் ஊர்த் தலைவரிடம் இருந்தன. 1921 சனவரியில், மகர சங்கராந்தித் திருவிழாவின்போது, பாகேசுவரத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். பத்ரி தத்து பாண்டே முதலியோர் முன்னிற்க, அப்பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசி எறிந்தனர். நாள்தோறும் பதிவேடுகளோடு உழலும் எழுத்தர் குலத்தைச் சேர்ந்த எமக்கு இச்செய்தியைப் படித்தபோது அச்சமும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றின என்பதை மறைப்பானேன்? ஒரு கணக்கேடு எத்தனை பேருடைய தோளில் சுமையாக அமரக்கூடும் என்பதை மேசைக்கு இப்புறம் இருப்போர் நினைப்பதில்லை.

அவ்வாண்டுக் கோடையில் அரசின் சிர்ப் பைன் காடுகள் பல தீக்கிரையாயின. அரசு குழு அமைத்துக் குறை கேட்டது. இறுதியில் 1931ஆம் ஆண்டில், ஊரார் தாமே தேர்ந்தெடுக்கும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. இன்றைய உத்தராகண்டத்தில் இத்தகைய பஞ்சாயத்துகள் 11,000க்கும் மேல் உள்ளன. ஆயினும் விலைமதிப்பு மிக்க பெருங்காடுகள் வனத்துறையிடமே நின்றன; ஏலமும் தொடர்ந்தது.

1973ஆம் ஆண்டில், சாமோலி மாவட்டத்துக் கோபேசுவரத்தில் சண்டி பிரசாத் பட்டு முதலியோர் நடத்தி வந்த தசோலி கிராம சுயராச்சியச் சங்கம், உழவுக் கருவிகள் செய்யப் பத்து அங்கு மரங்கள் கேட்டது. கிடைக்கவில்லை. அதே மரங்கள் விளையாட்டுக் கருவி செய்யும் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் ஒதுக்கப்பட்டன. நுகத்தடிக்கு இல்லாத மரம் பந்தாட்ட மட்டைக்கு உண்டாயிற்று! ஏப்பிரலில் மண்டல் என்னும் ஊரில் மக்கள் பறை முழக்கித் திரண்டெழ, வெட்ட வந்தோர் திரும்பினர். மரத்தைத் தழுவிக் காப்போம் என்ற உறுதியால் இவ்வியக்கத்துக்குச் 'சிப்கோ' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

அடுத்தது ரேணி. இரிசி கங்கை, தவுளி கங்கையோடு கலக்குமிடத்தில் உள்ள சிற்றூர் அது. 1962 போருக்குப் பின் திபெத்து வாணிகம் அறவே நின்றுவிட, அவ்வட்டாரப் போட்டியா மக்களுக்கு நிலமும் காடுமே கதியாயின. அங்கே ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் போயின. 1974 மார்ச்சு 26 அன்று ஊரில் ஆடவர் இல்லை. போருக்குப் பின் படைக்காக எடுத்த நிலங்களுக்கு இழப்பீடு தருவதாக அவர்களைச் சாமோலிக்கு அழைத்திருந்தனர். இயக்கத்தாரோ வனத்துறை அதிகாரியோடு பேசுவதற்கெனக் கோபேசுவரத்தில் நிறுத்தப்பட்டிருந்தனர். ஆண்டுக்கணக்கில் உறங்கிய இழப்பீட்டுக் கோப்பு அந்நாளில் கண் விழித்தது தற்செயல் என்று எம்மால் நம்ப இயலவில்லை. கோப்புகளின் உறக்கமும் விழிப்பும் நாம் அறியாதனவா?

வெட்டுவோர் காட்டை நோக்கிச் செல்வதைக் கண்ட சிறுமி ஓடிவந்து உரைத்தாள். ஊர் மகளிர் மன்றத் தலைவி கவுரா தேவி, பெண்களும் சிறுமியருமாக 27 பேரோடு விரைந்தார். பள்ளியில் பயிலாத கைம்பெண் அவர். ஐம்பதை நெருங்கும் வயது. இக்காடு எங்கள் பிறந்தகம், இதை வெட்டினால் மலை எங்கள் மேல் சரியும் என்று எடுத்துரைத்தார். வசைமொழிக்கும் துப்பாக்கி அச்சுறுத்தலுக்கும் அவர் பின்வாங்கவில்லை. இரவெல்லாம் பெண்கள் காவலிருந்தனர். மறுநாள் ஆடவர் திரும்பியபோது காடு நின்றிருந்தது.

தில்லித் தாவரவியல் அறிஞர் வீரேந்திர குமார் தலைமையிலான குழு ஆராய்ந்து, பெண்கள் கூறியதே சரியென்றது. அப்பகுதியில் பத்தாண்டுகளுக்கு மரவெட்டு நிறுத்தப்பட்டது. 1980ஆம் ஆண்டில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைக் காடுகளுக்குப் பதினைந்தாண்டுத் தடை வந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் வரலாறு இனிதாக இருக்கும். ஆனால் 1982ஆம் ஆண்டில் நந்தாதேவி தேசியப் பூங்கா அமைந்தபோது, மேய்ச்சலுக்கும் மூலிகைக்கும் சென்றுவந்த ரேணி, இலாத்தா மக்களுக்கே மலைவழி அடைபட்டது. காத்தவரையே கள்வராக்கும் ஏடு மீண்டும் எழுதப்பட்டது. 1998ஆம் ஆண்டில் அவர்கள் 'சப்டோ சீனோ', அதாவது 'பாய்ந்து பறி', என்னும் கிளர்ச்சி நடத்திப் பூங்காவினுள் புகுந்தனர்.

கவுரா தேவி 1991ஆம் ஆண்டில் மறைந்தார். பின்னாளில் இரிசி கங்கையில் 13 மெகாவாட்டு மின்நிலையம் எழுந்தது. அணைப்பணிக்கு வெடி வைத்து மலையைத் தகர்ப்பதாக ரேணி ஊரார் 2019ஆம் ஆண்டில் நைனிதால் உயர்நீதிமன்றத்தில் முறையிட்டனர். 2021 பெப்ரவரி 7 அன்று, மேலே மலைமுகட்டினின்று பாறையும் பனியும் பெயர்ந்து வீழ, எழுந்த வெள்ளம் அம்மின்நிலையத்தை வாரிச் சென்றது. தவுளி கங்கையில் நடந்த மற்றொரு மின்திட்டப் பணியிடமும் அழிந்தது. இறந்தோரும் காணாமற் போனோரும் 200க்கு மேற்பட்டவர்.

அவ்வாண்டு சூன் மழையில் ஆறு ரேணியின் அடிவாரத்தை அரித்தது. வீடுகள் விரிசல் கண்டன. ஊரில் நிறுவியிருந்த கவுரா தேவியின் சிலையைப் பெயர்த்து அதிகாரிகள் சோசிமடத்துக்கு எடுத்துச் சென்றனர்.