தாடை மூட்டு நோய்களில் சஸ்திர சிகிச்சையின் ஸ்தானம்

தாடை மூட்டு நோய்களுக்குச் சஸ்திர சிகிச்சை உத்தமமா, மருந்தும் பயிற்சியுமே போதுமா என்று வினவுவோர், இயல்பில் வேறுபட்ட பல வியாதிகளை ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள் என்பதே என் முதல் ஆட்சேபம். இளமையில் மோவாயில் அடிபட்டு, மூட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று இறுகி, வாய் திறக்கவே இயலாதுபோன சிறுவனுக்குக் கத்தியன்றி வேறு மார்க்கமில்லை. மெல்லும்போது நோவும், கொட்டாவி விடும்போது சொடுக்கொலியும், சில வேளை தாடை பூட்டிக்கொள்வதுமாக வரும் பெரும்பான்மையோர் விஷயமே சர்ச்சைக்குரியது.

1887-இல் சஸ்திர வைத்தியர் தாமஸ் அன்னண்டேல் எடின்பரோவிலிருந்து, எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருந்து இடம் பெயர்ந்துவிட்ட மூட்டுத் தட்டைத் தைத்து நிறுத்திய விவரத்தை வெளியிட்டார். தட்டு விலகியதால் நோவு, ஆகையால் தட்டைப் பழைய இடத்தில் அமர்த்தினால் நிவாரணம் என்னும் அந்தத் தர்க்கம், மூட்டைப் படம் பிடிக்கும் முறைகள் விருத்தியடைந்த 1970-களில் புத்துயிர் பெற்றது. ஆனால் பின்னாளில் எம்.ஆர்.ஐ. படங்கள், யாதொரு உபாதையும் அறியாதவர்களிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் தட்டு விலகியிருப்பதைக் காட்டியபோது, அத்தர்க்கத்தின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டது. 2007-இல் வெளியான ஷிஃப்மன் குழுவினரின் பரீட்சையோ இன்னும் தெளிவானது: தாடை பூட்டிக்கொண்ட 106 பேரை மருந்து, பயிற்சியும் பல்லுறையும் சேர்ந்த சிகிச்சை, மூட்டுக்குள் ஆர்த்ராஸ்கோப் என்னும் மெல்லிய நோக்குக்குழாயைச் செலுத்திச் செய்யும் சிகிச்சை, மூட்டைத் திறந்து செய்யும் அறுவை என நான்கு வழிகளில் பிரித்து, ஐந்தாண்டு கவனித்தும், பிரிவுகளிடையே குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை.

இதைக்கொண்டு பல்லுறைக்காரர்கள் ஜயபேரிகை கொட்டுவதும் நியாயமன்று. பற்களை ராவிச் சமன் செய்வதுபோல் பாவனை மட்டும் செய்து கிரீனும் லாஸ்கினும் அவர்தம் சகாவும் 1970-களில் நடத்திய சோதனையில், 25 பேரில் 16 பேர் பெரிதும் குணமடைந்ததாகக் கூறினர். இந்நோய் பலருக்குத் தானே தணிவது, நம்பிக்கையாலும் தணிவது. இரு தரப்பும் சமபலன் தருமாயின், பிழைபட்டபின் மீள முடிவது எது என்ற கேள்வியே தீர்ப்பளிக்க வேண்டும். அகற்றிய தட்டுக்குப் பதிலாக 1980-களில் அமெரிக்காவில் பொருத்தப்பட்ட புரோப்லாஸ்ட்-டெஃப்லான் உறுப்புகள் துகள்துகளாகச் சிதைந்து, அருகிலுள்ள எலும்பை அரித்து, நோயாளிகளை மறுபடி மறுபடி கத்திக்கு ஆளாக்கிய வரலாறு, அக்கேள்வியை எவரும் அலட்சியம் செய்ய இடந்தரவில்லை.

ஆகவே எல்லைக்கோட்டைக் கத்தியின் முனையில் வரைவது எனக்கு உடன்பாடன்று. பற்களை நிரந்தரமாக ராவிவிடும் சிகிச்சை, ரத்தம் சிந்தாததாயினும், மீளமுடியாமையால் அறுவையின் இனத்தைச் சேர்ந்தது. 1991-இல் நிட்சானும் சகாக்களும் விவரித்த, ஊசி வழியே மூட்டைக் கழுவும் முறையோ, தட்டைத் தைக்காமலே பூட்டிய தாடையைத் திறக்க வைப்பதால், சஸ்திர வைத்தியர் கையால் செய்யப்படினும் பயிற்சியின் பக்கத்திலேயே வைக்கத்தக்கது.