இறுகப் பிடிப்பதெல்லாம் பொருத்தமல்ல

யாப்பு நடத்துபவள் நான்; தளை தட்டினால் காது சொல்லிவிடும். டிஎன்ஏ இழைகளின் தளையைச் சோதிப்பது வெப்பம். சூட்டில் பிரிந்த இழைகள், மெல்ல ஆறவிட்டால் தம் இணையோடு மீண்டும் சேரும் என்று 1960இல் ஹார்வர்டில் காட்டியவர்கள் ஜூலியஸ் மார்மரும் டோரத்தி லேனும்.

வரிசை தெரிந்த சிறு இழைகளைச் சில்லில் பதித்து, எதில் ஒட்டுகிறது என்பதைக்கொண்டு மரபணுவை வாசிக்கும் முறை பின்னர் வந்தது. ஒட்டுவதில்தான் சிக்கல். ஏ–டி இணைக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். ஜி–சி இணைக்கு மூன்று. ஜி–சி மிகுந்த இழை ஓரெழுத்து பிழைத்தாலும் விடாது. ஏ–டி மிகுந்தது சரியாகப் பொருந்தியும் நழுவும்.

மேரி-கிளேர் கிங் 1990இல் 17ஆம் குரோமோசோமில் இடம் காட்டிய மார்பகப் புற்றுநோய் மரபணுவின் ஒரு பகுதியை, 1996இல் இத்தகைய சில்லால் வாசித்தார்கள். பிறழ்வு இருப்பது முன்பே தெரிந்த 15 மாதிரிகளில் 14ஐ அது சரியாகச் சொன்னது. விடுபட்ட ஒன்றிலேயே என் மனம் நிற்கிறது: மருத்துவமனையில் என்றால், ஒரு பெண் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலோடு வீடு திரும்பியிருப்பாள்.

நம் வீடுகளில் பிரியாதிருப்பதே பொருத்தத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. சில்லைச் செய்தவர்கள் அப்படி நம்பவில்லை. சரியான இழையோடு ஓரெழுத்து மாற்றிய இழைகளையும் பதித்து, பிடிகளை ஒப்பிட்டார்கள்.