சீதன வீடும் ஒரு பன்பாயும்



"டைல் பதிச்சு முடியல்ல, சீலிங்கும் அடிக்கணும்" என்று மகளின் நிக்காஹ்வைத் தள்ளிப்போடும் வாப்பாமார் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஆகவே நாம் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. குடி தாய்வழியாக வருகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். இந்த வழமை முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொது. மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சின்னதாக இன்னொன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். சீதன வீடு புதுசாக வந்ததல்ல. ஆனால் அந்த வீடு எப்படி இருந்தது?

மண் சுவர், கிடுகுக் கூரை. ஓர் அறை, முன்னால் திண்ணை, புறம்பாக ஒரு அடுப்படி. முற்றத்தில் வெள்ளை மணல், காலையில் ஈர்க்கு விளக்குமாற்றின் கோடு. சாமான் என்று பார்த்தால் சொற்பம். இருந்த சொற்பத்திலும் பாதி வருகிறவருக்காக வைத்திருந்தது. சுருட்டி வைத்த பன்பாய், அதுவும் நம் பெண்கள் பன் அறுத்துச் சாயம் போட்டு இழைத்தது. வெற்றிலை வட்டா, படிக்கம். கை கழுவ ஒரு சிலாப்சி. நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிட ஒரு சஹன். கதிரை இல்லாததால் யாரும் நின்றுகொண்டு போனதில்லை. பாயை விரித்தால் பத்துப் பேருக்கு இடம். பகலில் அதே இடம் தொழ, இரவில் படுக்க.

சகோதரிகளின் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் கிடுகு வேலி, அதில் ஆள் நுழைய ஒரு கடப்பு. கறிக் கோப்பை அதால்தான் போய் வந்தது.

இதை நாம் சொர்க்கமாக்கிக் காட்டவில்லை. மாரியில் ஒழுகும், வருடா வருடம் கிடுகு மாற்ற வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் அந்தக் கூரைகள் பறந்த கதையை மூத்தவர்களிடம் கேளுங்கள். கல்வீடு வேண்டும் என்று நம் சனம் ஆசைப்பட்டது நியாயம். பிறகு மத்திய கிழக்குக் காசும் வந்தது. பலமான சுவருக்கும் கூரைக்கும் செலவழித்ததில் பிழையில்லை. அதற்கு மேலே ஏறியதுதான் கடன்: பளபளக்கும் தரை, யாரும் உட்காராத சோபா, ஆளுயர மதில்.

இப்போது பட்டணத்தில் 'மினிமலிஸ்ட்' என்று சாமான் குறைந்த வீட்டைக் காசு கொடுத்து வடிவமைக்கிறார்களாம். நம் மூத்தம்மா கேட்டால் சிரிப்பார்.

ஓர் அறை, ஒரு குசினி, பலமான கூரை, ஒரு பாய். இதோடு ஒரு பிள்ளையை நிக்காஹ் செய்து கொடுக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் முதலில் இதைச் சொல்லட்டும். பெண்ணைப் பெற்றவர் சொன்னால் எடுபடாது.

மதில் கட்டும்போது ராத்தா வீட்டுப் பக்கம் ஒரு கடப்பு விடச் சொல்லி மேசனிடம் சொல்லுங்கள். இப்போது ஒரு கோப்பை கறி கொடுக்கவும் றோட்டைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.