'அவுஸி' என்பவர் யார்?

கிரிக்கெட் ஆட்டச் செய்திகளிலே 'அவுஸி வீரர்கள்' என்னும் தொடரை நேயர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவுஸ்திரேலியர் தம்மைத் தாமே செல்லமாக அழைத்துக்கொள்ளும் பெயர் அது. 'ஒஸி' என்பதற்கு நெருங்கிய ஒலியில், நடுவெழுத்து வண்டு இரைவதுபோல் அதிரும்படி அதனை அவர்கள் கூறுவர். அவ்வொலிக்கு நமது நெடுங்கணக்கில் எழுத்தில்லை. சொல்லைக் குறுக்கி வாலில் ஓர் இகரம் ஒட்டுவது அவர்கள் பேச்சில் ஊறிய வழக்கம். காலையுணவு 'பிரெக்கி' ஆகும். நுளம்புகூட 'மொஸி' என்னும் செல்லப்பெயர் பெற்றுவிட்டது!

ஆறு குடியேற்ற நாடுகள் 1901ஆம் ஆண்டிலேதான் ஒரு நாடாக இணைந்தன. முதலாம் உலகப் போரில் அந்நாட்டின் பல பகுதியினரும் ஒரே படையாய்க் கடல்கடந்தனர். 1914 நவம்பரில் அவர்தம் முதற் கப்பல் அணி கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டுச் சென்றது. அப்போர்க்காலத்திலே 'ஒஸி' என்பது நாட்டுக்கும், போர்வீரனுக்கும், பின்னர் குடிமக்கள் எல்லோர்க்கும் பெயராய்ப் பரவிற்று. 1918 ஜனவரியில் பிரான்சின் போர்முனையிலே பிலிப் ஹரிஸ் என்பார், வீரர்களுக்கென ஒரு சஞ்சிகை தொடங்கி அதற்கு இப்பெயரையே சூட்டினார்.

ஆனால் 'எல்லோர்க்கும்' என்றேனே, அது முற்றும் உண்மையன்று. அந்நிலத்தின் ஆதிக்குடிகளைப் படையிற் சேர்க்க விதிகள் இடந்தரவில்லை. 1917இல், பெற்றோரில் ஒருவரேனும் ஐரோப்பியராயின் சேரலாம் என அவை தளர்த்தப்பட்டன. தடைகளையும் மீறி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். பதுங்குகுழியிலே தோழனாய் இருந்தவன் ஊர் திரும்பியதும் மீண்டும் அந்நியன் ஆனான். மீண்டுவந்த வீரர்க்கு அரசு வழங்கிய காணி, ஆதிக்குடியினருள் மிகச் சிலர்க்கே கிட்டியது.

இரண்டாம் உலகப் போரின் பின் இத்தாலியர், கிரேக்கர் முதலியோர் பெருந்தொகையாக வந்து குடியேறினர். அவர்களுக்குப் 'புதிய அவுஸ்திரேலியர்' என்னும் பெயர் அளிக்கப்பட்டது. மரியாதையான பெயர்தான், ஆயினும் வேலிக்கு அப்பால் நிறுத்தும் பெயர். பாடசாலை முற்றத்திலே 'ஒஸி' எனின் பிரித்தானிய வழிவந்த பிள்ளை என்றே பொருள்பட்டது. பிள்ளைகளை அறிந்த எனக்கு அடுத்து நடந்தது வியப்பளிக்கவில்லை. குடியேறியோரின் மக்கள் அவர்களுக்கு 'ஸ்கிப்' என்று பட்டம் சூட்டினர். 'ஸ்கிப்பி' என்பது தொலைக்காட்சித் தொடரொன்றில் வந்த கங்காருவின் பெயர்.

வெள்ளையரல்லாதாரைத் தடுத்த குடிவரவுக் கொள்கை 1973இல் முற்றாக ஒழிந்தது. அதன்பின் நம்மவரும் பெருமளவிற் சென்றனர். எனினும் பெயரின் பழைய வேலி அடியோடு சாயவில்லை. விளையாட்டரங்கிலே 'ஒஸி, ஒஸி, ஒஸி' என ஒரு சாரார் கூவ, 'ஒய், ஒய், ஒய்' என மறுசாரார் முழங்குவது களிப்பான காட்சி. அதே முழக்கம் 2005 டிசம்பரில் சிட்னியின் குரொனுல்லா கடற்கரையிலே, மத்திய கிழக்கு வழியினரைத் தாக்கிய கூட்டத்தின் வாயிலிருந்தும் எழுந்தது.

மெல்பேர்ணிலே வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையிற் கடிதம் வரைந்திருந்தார். அங்கேயே பிறந்த அவர் மகளிடம் எவரேனும் 'நீ எந்த ஊர்?' என வினவினால், 'நான் ஒஸி' என்பாளாம். 'அது சரி, உண்மையில் எந்த ஊர்?' என்று அடுத்த கேள்வி வருமாம். அவள் மறுபடியும் 'ஒஸி' என்றே சொல்வாளாம்.