மன்னன் மாளிகையும் மகளின் கேள்வியும்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போக எங்களுக்கு இப்போது ஹபரணைப் பாதை தேவையில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் கரையோரப் பாதையின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. யுத்த காலத்தில் அப்படியில்லை. கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை என்று சுற்றித்தான் போவோம். ஆசிரிய கலாசாலையில் படித்த நாட்களில் அந்தப் பாதையில் எத்தனையோ தடவை பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். எல்லாம் சோதனைச் சாவடிகளில். முதலாம் பராக்கிரமபாகுவின் அரண்மனையைப் பார்க்க ஒரு தடவையும் இறங்கியதில்லை. வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இது ஒரு குறைதான்.

சென்ற பாடசாலை விடுமுறையில் மட்டக்களப்பில் மச்சானின் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வேண்டுமென்றே பழைய பாதையால் போனோம். நான், மனைவி, தரம் எட்டில் படிக்கும் மகள், அவளுக்கு இளையவன். பகலுக்குச் சோறும் கட்டிக்கொண்டோம்.

கந்தளாய்க் குளக்கட்டில் வேனைச் சற்று நிறுத்தினேன். குளக்கோட்டன் கட்டியதென்று எங்கள் பக்கத்தார் சொல்லும் குளம். பொலன்னறுவையில் பராக்கிரமபாகுவுக்கு முன் ஆட்சிசெய்த இரண்டாம் கஜபாகு, தன் இறுதிக் காலத்தைக் கழித்தது கந்தளாயில்தான். அரண்மனையின் கதை எங்கள் மாவட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பத்து மணிபோல் அரண்மனை வாசலில் நின்றோம். பராக்கிரமபாகு ஆண்டது 1153 முதல் 1186 வரை. அவன் மாளிகைக்கு ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் இருந்ததாகச் சூளவம்சம் கூறுகிறது. இன்று நிற்பவை செங்கற் சுவர்கள் மாத்திரமே. ஆனால் அந்தச் சுவர்களின் தடிப்பு ஏறத்தாழ மூன்று மீற்றர். மேல்மாடிகளைத் தாங்கிய மரங்கள் செருகியிருந்த குழிகள் சுவரில் வரிசையாகத் தெரிகின்றன. குழிகளை எண்ணினால் செங்கல்லால் எழுந்த மாடிகள் மூன்றுதான். அதற்குமேல் இருந்திருந்தால் மரத்தால் கட்டியிருக்கவேண்டும். சில இடங்களில் செங்கல் தீயில் உருகிக் கறுத்துக் கிடக்கிறது. 1215இல் படையெடுத்து வந்த கலிங்க மாகன் இட்ட தீ என்கிறார்கள்.

இளையவன் குழிகளை எண்ணிக்கொண்டிருந்தான். மகள் சுவர் நிழலில் நின்று கேட்டாள்.

“வாப்பா, இதுக்குள்ள எங்கட ஆக்கள் ஆரும் இருந்தாங்களா?”

எனக்குத் திடுக்கென்றது. இதே கேள்விக்கு நான் முன்பொருமுறை பொய்யான விடை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சுப் போட்டிக்கென்று ஒரு மாணவனுக்கு, பராக்கிரமபாகுவின் அவையில் அரபு வணிகர்கள் ஆசனமிட்டு அமர்ந்திருந்தார்கள் என்று எழுதினேன். அவனுக்கு முதற் பரிசு கிடைத்தது. “இது எந்தப் புத்தகத்தில இருக்கு சேர்?” என்று பிறகு கேட்டான். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

என் தயக்கத்தைக் கண்ட மனைவி, “உள்ளதச் சொல்லுங்க. புள்ள நாளைக்குப் பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லும்” என்றாள்.

“தெரியாது மகள். ஆனா ஒரு கல் இருக்கு, வாங்க” என்று அழைத்துப் போனேன்.

அரண்மனைக்கு வடக்கே சற்றுத் தூரத்தில், புனிதத் தந்தம் வைக்கப்பட்டிருந்த கட்டடங்கள் உள்ள முற்றத்தில் அந்தக் கல் நிற்கிறது. வேளைக்காரர் கல்வெட்டு. மொழி தமிழ். சோழர் 11ஆம் நூற்றாண்டில் இந்நகரைப் பிடித்து ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்தினான். அவனுக்குப் பின், தந்தம் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்று வேளைக்காரப் படையினர் பொறித்த சாசனம் இது. பௌத்தரின் அதிபுனிதப் பொருளுக்குக் காவல், தமிழில் எழுதிய ஒரு கல்! பொலன்னறுவையை அது புலைநரி என்கிறது. படைப்பிரிவுகளோடு வளஞ்சியர், நகரத்தார் என்ற வணிகக் குழுவினரும் அதில் வருகிறார்கள்.

சோனகர் வரவில்லை. அதையும் மகளுக்குச் சொன்னேன்.

கடல் கடந்து வந்த முஸ்லிம் வணிகர் அக்காலத்தில் இப்பக்கம் இருக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். கொல்லத்தில் 849இல் எழுந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபு எழுத்தில் சாட்சிக் கையொப்பங்கள் இருக்கின்றன. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயரும் அதில் உண்டு. ஆனால் கொல்லத்துச் செப்பேட்டைக் கொண்டு புலைநரி அரண்மனையில் ஆசனம் போட முடியாது.

எங்களுக்கென்று பேசும் கல் எங்கள் துறைமுகத்திலேயே கிடைத்திருக்கிறது. திருகோணமலை நிக்கல்சன் குடாவில் எடுத்த அரபு மீஸான் கல் அது. ஹிஜ்ரி 729, அதாவது 1329இல் மௌத்தான ஒரு பெண்ணுடையது. பத்ருத்தீன் ஹுசைன் பின் அலி அல்ஹலபீ என்ற தலைவரின் மகள் என்கிறது கல். சிரியாவின் ஹலபைச் சேர்ந்த குடும்பம். பராக்கிரமபாகு இறந்து 143 வருடங்களுக்குப் பிறகு, எங்கள் கடலோரத்தில் ஒரு வாப்பா தன் மகளை அடக்கியிருக்கிறார்.

“அவங்கட பேர் என்ன?” என்று கேட்டாள் மகள். மகளென்று தெரியும், அதற்குமேல் நான் படித்ததில்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கதுருவெலயில் லுஹர் தொழுதுவிட்டுச் சோற்றைப் பிரித்தோம். அந்த ஊரிலும் தமிழ் பேசும் எமது மக்கள் கடை வைத்திருக்கிறார்கள், பள்ளிவாசல் கட்டியிருக்கிறார்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, வெயில் தாழ மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டோம்.

நமது மேடைகளில் பழம்பெருமை நிறையப் பேசுகிறோம். இந்த நாட்டில் நமக்கு வேர் இல்லை என்பாருக்குப் பதில் சொல்லும் அவசரம் அது. அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் ஆதாரமில்லாத ஒன்றைச் சொல்லி அது பொய்யென்று தெரியவந்தால், ஆதாரமுள்ள ஹலப் கல்லையும் நம்ப ஆளிருக்காது. ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பழைய மாணவனைத் தேடிப்போய், நான் எழுதித் தந்தது தவறு என்று சொன்னேன். இப்போது அவனுக்கும் ஒரு பிள்ளை. சிரித்தான்.

இத்தவணை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். எங்கள் மையவாடியில் எழுத்துள்ள பழைய மீஸான் கற்களைப் பார்த்து, அழிந்தது போக எஞ்சியதை மாத்திரம் கொப்பியில் எழுதிவரவேண்டும். வாசிக்க முடியாத இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன். முதற் கொப்பி மகளுடையது. அதில் கோடுகள்தான் அதிகம்.